பதினைந்து ஆண்டு ஓடும் பிக்கப் எது?

டீசல் பிக்கப் ஒன்றை வாங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டு வைத்திருக்க நினைப்பவர் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்றுதான். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் பக்கம் தண்ணீர் கேன் போடுபவர், பந்தல் சாமான் ஏற்றுபவர், கோயம்பேட்டிலிருந்து காய்கறி கொண்டுவருபவர், டைல்ஸும் கம்பியும் இறக்குபவர் என எல்லோரிடமும் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் பதில் மாறும். ஒரே மாடலை ஒருவர் தங்கமான வண்டி என்பார். இன்னொருவர் இரண்டே வருடத்தில் தலைமுழுகிவிட்டேன் என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். நம்பகத்தன்மையை வண்டிக்குள் மட்டும் இருக்கும் குணமாக நாம் எடுத்துக்கொள்வதால்தான் இது புதிராகத் தெரிகிறது. வண்டியும் அதற்குக் கிடைக்கும் வேலையும் சேர்ந்து உண்டாக்கும் குணம் அது. 2020க்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் இந்த உண்மை முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது. குறுகிய தூரம், நெரிசல், உப்புத் தண்ணீர், வெள்ளம் எல்லாம் ஒன்றுசேர்ந்த தென்சென்னைப் புறநகரில், தன் வேலையை அளந்து பார்க்காமல் வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் நஷ்டப்படுவதற்கு இயற்பியலிலேயே காரணம் இருக்கிறது.

கம்பெனிகளின் பெருமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005ஆம் ஆண்டு மே மாதம் வந்த டாடா ஏஸ், 702 சி.சி. அளவில் இரண்டே சிலிண்டர் கொண்ட, டர்போ இல்லாத சிறிய டீசல் இன்ஜினோடு முக்கால் டன் சுமந்தது. ஊரே அதைக் குட்டி யானை என்று அழைக்கத் தொடங்கியது. 2011இல் அசோக் லேலண்டும் நிசானும் சேர்ந்து ஓசூரில் உருவாக்கிய தோஸ்த், 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினோடு ஒன்றேகால் டன் வகையில் இறங்கியது. அதற்கும் மேலே கனமான வேலைக்கு 2.5 லிட்டர் பொலிரோ பிக்கப் நின்றது. மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் ஸ்ரீசிட்டியில் இசுசு டி-மேக்ஸ் தயாராகிறது. இவற்றில் எதையும் அரைகுறை வண்டி என்று சொல்ல முடியாது. ஒரே மாடலுக்குள் இரண்டு உரிமையாளர்களிடம் தெரியும் வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தைவிடப் பெரிது என்பதே என் கணிப்பு. அதற்கான காரணத்தை இன்ஜினுக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய இன்ஜினுக்கும் இன்றைய பிக்கப்புக்கும் அடிப்படை ஒன்றுதான். தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்று பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, அந்த அழுத்தத்தாலேயே கொதிக்கிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் உள்ளே வரும் காற்றும் குறையும். டீசலில் காற்று ஏறக்குறைய முழுதாகவே வந்துகொண்டிருக்கும். எரிபொருள் மட்டும் குறையும். சிக்னலில் நிற்கும் டீசல் வண்டி குறைவாகக் குடிப்பதற்கு இதுதான் காரணம். அதே காரணத்தால், சின்னத் தீ ஒன்று பெருங்காற்றைச் சூடாக்க வேண்டியிருப்பதால், புகைக்குழாயில் வெளிவரும் காற்றின் வெப்பமும் குறைவு. ஐட்லிங்கில் அது 100, 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கிடக்கும். லோடோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது பல மடங்கு ஏறும். பழைய வண்டிகளுக்கு இந்தக் குளிர்ச்சி ஒரு பொருட்டே இல்லை. ஈர விறகு அடுப்பைப் போலப் புகைந்தபடி அவை காலம் தள்ளின. கரி முழுக்கத் தெருவுக்குப் போனது.

2020 ஏப்ரல் 1 முதல் அந்த வசதி முடிந்துபோனது. பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது, டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு வெளியிடலாம் என்றிருந்த கரித்துகள் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமுக்கு இறங்கியது; சரக்கு வண்டிகளுக்கும் இதே போக்கில் கெடுபிடி கூடியது. டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்கானது. இந்த அளவை எட்டுவதற்காகப் பெரும்பாலான டீசல் வண்டிகளின் புகைக்குழாயில், டி.பி.எஃப். என்று மெக்கானிக்குகள் சொல்லும் கரி வடிகட்டி குடியேறியது. நுண்ணிய துளைச் சுவர்கள் கொண்ட பீங்கான் கூடு அது. புகை அந்தச் சுவரை ஊடுருவிப் போகும். கரி அங்கேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். வினையூக்கியின் துணையோடு நைட்ரஜன் டை ஆக்சைடு மெல்ல எரிப்பதற்கே 250 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக்சிஜனில் வேகமாக எரிய 600 டிகிரியை நெருங்க வேண்டும். ஓட்டத்தில் அந்தச் சூடு கிடைக்காதபோது, வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சிச் செயற்கையாகச் சூடேற்றுகிறது. இந்த எரிப்பு முடியக் கால் மணி நேரமாவது தடையில்லாத ஓட்டம் தேவை.

இனி சேலையூரில் கிளம்பி, கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று தெருத் தெருவாக நின்று தண்ணீர் கேன் இறக்கும் வண்டியை எண்ணிப் பாருங்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், பத்து நிமிட நிறுத்தம், மறுபடி ஒரு கிலோமீட்டர். புகைக்குழாய் சூடேறுவதற்குள் சாவி அணைக்கப்படுகிறது. கரி சேர்கிறது, கம்ப்யூட்டர் எரிக்கத் தொடங்குகிறது, பாதியில் வண்டி நிற்கிறது, அடுத்த ஓட்டத்தில் மறுபடி தொடங்குகிறது. தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குக்கும் டர்போவுக்கும் ஆயுள் குறையும். இவ்வளவும் நடக்கும்போது ஓட்டுநர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். இதே வண்டியை விடியற்காலையில் பெருங்களத்தூரில் பைபாஸ் ஏற்றிக் கோயம்பேட்டுக்கு ஓட்டுபவருக்கோ, மதுராந்தகம், திண்டிவனம் வரை டிரிப் அடிப்பவருக்கோ அந்த வடிகட்டி இருப்பதே தெரியாது. தங்கம் என்று சொன்னவரும் தலைமுழுகியவரும் வாங்கியது ஒரே வண்டி. அந்த வண்டிக்குக் கிடைத்த சூடு வேறு.

இதற்கு ஓரளவு மருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெருங்களத்தூரிலிருந்து புழல் வரை 32 கிலோமீட்டர் பைபாஸ். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை. வாரத்தில் ஒருமுறையாவது லோடோடு, சீரான வேகத்தில், அரை மணி நேரம் இவற்றில் ஓடும் வேலை இருந்தால் வடிகட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஓட்டம் தொழிலுக்குள்ளேயே அமைய வேண்டும்; வடிகட்டிக்காகவே டீசல் செலவழித்து ஓட்டும் நிலை வந்தால் தேர்வில் ஏதோ பிசகியிருக்கிறது. கரி எரிந்தாலும் சாம்பல் எரியாது என்பதையும் நீண்ட காலம் வைத்திருப்பவர் மனதில் கொள்ள வேண்டும். இன்ஜின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோக உப்புகள்தான் அந்தச் சாம்பல். ஆயில் டப்பாவில் விலையைப் பார்த்து, கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் வகையை விட்டுவிட்டால், நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து வடிகட்டியின் ஆயுளை அடகு வைத்ததாகிவிடும்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும்: இத்தனை தொந்தரவு எதற்கு, மைக்கோ பம்ப் என்ற மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டால் போதாதா? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. பழைய பம்ப்பைப் பிரித்து மாட்ட ஸ்பேனரும் அனுபவமும் போதும். சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. இன்றைய காமன் ரெயில் இன்ஜெக்டரில் டீசல் 1,600 பார், அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. அதன் உலோகப் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். டீசலில் கலந்த கொஞ்சம் தண்ணீரும் தூசியும் அதைக் கெடுத்துவிடும். பழுதைப் பொறுத்துக்கொள்வதில் பழைய வண்டி மேலானது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னும் பதினைந்து ஆண்டு என்ற கணக்கில் பார்த்தால் வாதம் தடுமாறுகிறது. அந்த வண்டி ஏற்கெனவே சுமந்த சுமை எந்த மீட்டரிலும் பதிவாகவில்லை. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தியது. தெருவுக்குள் நின்று நின்று போகும் வண்டியின் புகையை முதலில் சுவாசிப்பவர் அதன் ஓட்டுநர். அடுத்தவை அந்தத் தெருவின் குழந்தைகள். புது வண்டியின் வடிகட்டியைக் கழற்றிவிட்டு சாஃப்ட்வேரை மாற்றிக்கொள்ளும் வழியையும் இதே காரணத்துக்காக நான் ஏற்கவில்லை. அது சட்டத்துக்குப் புறம்பு என்பது இரண்டாவது காரணம்தான்.

சூட்டுக்கு அடுத்தபடி வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எடை. உருளும் பேரிங்குகளின் ஆயுளுக்குப் பொறியியலில் நீண்ட காலமாகப் பயன்படும் ஒரு விதி உண்டு: சுமை கூடினால் ஆயுள் அந்தச் சுமையின் மும்மடியில் குறையும். கால் பங்கு சுமை கூடினால் ஆயுளும் கால் பங்குதான் குறையும் என்று மனம் கணக்குப் போடும், உண்மையில் 1.25ஐ மூன்று முறை பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டு வருகிறது, அதாவது ஆயுள் பாதியாகிறது. மொத்த எடை இரண்டரை டன் என்று அனுமதி பெற்ற வண்டியில் பன்னிரண்டு சிமெண்ட் மூட்டையைக் கூடுதலாகப் போட்டால் இந்தப் பாதியை எட்டிவிடலாம். கூடிய எடை பெரும்பாலும் பின் அச்சில்தான் இறங்கும் என்பதால் அங்கே நிலைமை இன்னும் மோசம். பின்பக்கப் பட்டைக்கு இரண்டு பிளேட் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வண்டி தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். பேரிங்கும் அச்சும் பிரேக்கும் சேஸிஸும் பழையபடியேதான் இருக்கின்றன. சொல்லப்போனால், அமுங்காத பட்டை பள்ளத்தின் அதிர்ச்சியை இன்னும் நேராக அவற்றிடம் அனுப்புகிறது.

ஓவர்லோடு இல்லாமல் வாடகை கட்டுப்படியாகாது என்பது இந்தத் தொழிலில் நியாயமான வேதனை. அந்த வேதனைக்கான பதில், ஒரு படி பெரிய வண்டியை வாங்குவது. மும்மடி விதி மறுபக்கமும் வேலை செய்யும்: அச்சின் மேல் விழும் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பேரிங் ஆயுள் இரட்டிப்பாகிறது. இருபது லிட்டர் கேன் ஒன்று காலி கேனின் எடையோடு இருபது கிலோவுக்குச் சற்று மேல். முக்கால் டன் வண்டிக்கு முப்பத்தாறு கேன்தான் எல்லை. தொட்டியில் இடம் இருக்கிறதே என்று அறுபது ஏற்றினால் தண்ணீரே 1,200 கிலோ. அறுபது கேன் தினசரி வேலையென்றால் அது ஒன்றரை டன் வண்டிக்கான வேலை; விலையில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கிளட்ச், பேரிங், டயர் என்று வருடாவருடம் திரும்பி வரும். பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஏற்றுபவருக்கு இந்தச் செலவு வீண். தொட்டியின் நீளம் மட்டுமே அவர் பார்க்க வேண்டியது.

மூன்றாவது காரணி தண்ணீர். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பள்ளிக்கரணையையும் வேளச்சேரியையும் மறுபடி மூழ்கடித்தது. ஆக, இங்கே பதினைந்து ஆண்டு ஓடப்போகும் வண்டி ஒருமுறையாவது வெள்ளத்தைப் பார்க்கும் என்று வைத்துக்கொள்வதே விவேகம். வெள்ளத்தில் டீசல் இன்ஜினுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 625 சி.சி.; பதினேழில் ஒரு பங்காக அமுக்கும் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் வெறும் 39 சி.சி. தண்ணீர் அமுங்காது. மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவான தண்ணீர் காற்றுக் குழாய் வழியாக உள்ளே போனால் போதும், பிஸ்டன் அதன் மேல் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதே அளவு சிலிண்டர் கொண்ட, பத்தில் ஒரு பங்காக அமுக்கும் பெட்ரோல் இன்ஜினில் அந்த இடம் ஏறக்குறைய 70 சி.சி. ஆகவே முடிச்சூர்க்காரர் ஷோரூமில் பானட்டைத் திறக்கச் சொல்லி, ஏர் ஃபில்டரின் வாய் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தால் யாரும் சிரிக்கத் தேவையில்லை. வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஓடித் தப்பித்த வண்டியிலும் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பார்க்க வேண்டும்: சூடான ஹவுசிங் தண்ணீரில் திடீரெனக் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் நிறமாகியிருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

வெள்ளத்தைப் போல ஒரே நாளில் அடிக்காமல், சத்தமில்லாமல் கொல்லும் தண்ணீர் ரேடியேட்டரில் ஊற்றும் போர் தண்ணீர். தென்புறநகரில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது; வீட்டு ஹீட்டர் கம்பியில் படியும் வெள்ளைப் படிவு இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே கால்சியம் கார்பனேட் இன்ஜினுக்குள் நீர் ஓடும் பாதையிலும் படிகிறது. வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே அது வெப்பத்தைக் கடத்தும் என்பதால், மெல்லிய படிவே சிலிண்டர் ஹெட்டின் சூட்டை வெளியேற விடாமல் தடுக்கும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில், லோடோடு பல்லாவரம் நெரிசலில் நிற்கும்போது ஹெட் கேஸ்கெட் போனால் பழி கம்பெனி மேல் விழும். காரணம் குடத்தில் இருந்தது. கலந்து விற்கும் கூலன்ட்டையோ, வடித்த நீரில் கலந்த கூலன்ட்டையோ தவிர வேறெதையும் ஊற்றாத வண்டிக்கு இந்தச் சாவு இல்லை.

விலை கூடிய வண்டி என்றால் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய கதைகள் நமக்குத் தெரியும். அவற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் கதை சொல்ல மிஞ்சியவை பிழைத்த வண்டிகள் மட்டுமே. பாதியில் விழுந்தவற்றை யாரும் படமெடுப்பதில்லை. நீண்ட கால உரிமைக்கு என் பார்வையில் வலுவான சான்று வேறொன்று: உங்கள் தெருவைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டரில் அதே மாடல் எத்தனை ஓடுகிறது, அவற்றைப் பிரித்து மாட்டும் மெக்கானிக் எத்தனை பேர், பாகம் அன்றே கிடைக்குமா. மறைமலைநகரில் இருபது ஆண்டுக்கும் மேலாகக் கார் தயாரித்த ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. வண்டி எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும், அதைச் செய்தவர் போய்விடலாம் என்பதற்கு நம் ஜி.எஸ்.டி. சாலையே சாட்சி. ஆயிரக்கணக்கில் ஓடும் சாதாரண மாடலுக்குக் கம்பெனி போனாலும் பாகம் செய்ய யாராவது இருப்பார்கள்; அபூர்வமான வண்டிக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் டீசலே வேண்டாமா என்று கேட்டால், வேலையைப் பொறுத்தே என் பதில் இரண்டாகப் பிரிகிறது. தினமும் ஒரு டன்னுக்கு மேல் சுமந்து, குறைந்தது ஒரு நீண்ட ஓட்டமாவது ஓடும் வண்டிக்கு டீசலுக்கு இணை இன்னும் எளிதாகக் கிடைப்பதில்லை. அதன் சிக்கனமும் இழுவையும் அங்கேதான் முழுதாகப் பயன்படுகின்றன. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடை போன்ற ஒன்று தமிழ்நாட்டில் இல்லை. பிற்பாடு வரக்கூடும் என்ற அச்சத்துக்காக இன்று நல்ல வேலைக் கருவியைத் தவிர்ப்பதும் சரியாகப் படவில்லை. ஆனால் நாளெல்லாம் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் சுற்றி, நாற்பது கிலோமீட்டர்கூடத் தாண்டாமல் மாலையில் வீடு திரும்பும் வண்டிக்கு இன்று டீசலைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஓட்டத்தில் டீசல் ஒருபோதும் தன் சூட்டை எட்டாது. சி.என்.ஜி. வண்டிக்குக் கரி வடிகட்டியே தேவைப்படவில்லை. 2022இல் அறிமுகமான டாடா ஏஸின் மின்சார வடிவம் போன்றவற்றுக்கு, நின்று நின்று போவது தண்டனையாக இல்லாமல் இயல்பான வேலையாக இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. முதல் விலையும் வங்கிக் கடனும் இன்னும் தடைகள்தான். அந்தத் தடையைத் தாண்ட முடியாமல் டீசலையே வாங்கப்போகிறவர் முன்பணம் கட்டுவதற்கு முன், இந்த மாடலில் எந்த வகை வடிகட்டி இருக்கிறது, அடைத்துக்கொண்டால் சர்வீஸில் கட்டாயமாக எரித்துத் தருவார்களா, வாரண்டி அதையும் சேர்க்குமா, மாற்ற நேர்ந்தால் என்ன விலை என்ற நான்கையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.